வயல்மேல் பறப்பவர்

கல்லணையில் வந்து சேரும் காவிரி அங்கே கிளைகளாகப் பிரிகின்றது. காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் வயல்களை நோக்கிச் செல்ல, மிகுந்த வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலை அடைகின்றது. ஆறுகள் வாய்க்கால்களாகவும், வாய்க்கால்கள் சிறு கிளைகளாகவும் பிரிந்து, தஞ்சைச் சமவெளி முழுவதையும் நரம்புகள் போலத் தழுவிக் கிடக்கின்றன. ஒரு வயலின் மடை வழியே நுழையும் நீர் அடுத்த வயலுக்குச் செல்லும். அங்கிருந்து வடிகாலில் இறங்கும். வடிகாலிலிருந்து மற்றோர் ஊரின் வாய்க்காலில் கலக்கும். ஆதலால் இந்நாட்டில் எவரும் தம் வயலுக்கு மட்டும் என்று ஒன்றைச் செய்துகொள்ள இயலாது. ஒருவர் தம் வயலில் இட்டது, நன்றாயினும் தீதாயினும், ஊரார் அனைவருக்கும் பங்காகும். வேளாண்மை நெடுங்காலமாக இவ்வுழவர்க்குக் கற்பித்த முதற்பாடம் இதுவே.

வெண்ணாற்றங்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஒரு மார்கழிக் காலையில், முதிய உழவர் ஒருவர் தம் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சம்பாப் பயிர் கதிர் ஈன்று பால் பிடிக்கும் பருவம். சில வாரங்களில் பொங்கல் வரும். அதனை அடுத்து அறுவடை வரும். ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பக்கத்து ஊரில் புகையான் விழுந்து, பச்சைப் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து போயிற்று என்ற செய்தி முதல்நாள் மாலை அவர் செவிக்கு எட்டியிருந்தது. புகையான் என்பது நெல் மணியினும் சிறியதொரு பழுப்புநிறத் தத்துப்பூச்சி. அது தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கூட்டமாக அமர்ந்து பயிரின் சாற்றை உறிஞ்சும். மேலிருந்து காண்பவர்க்குப் பயிர் செழிப்பாகவே தோன்றும். சில நாள்களில் தீப்பட்டது போலப் புகைந்து சாயும். முதியவர் குனிந்து தம் பயிரின் தூரை விலக்கிப் பார்த்தார். அங்கும் சில பூச்சிகள் தத்தின. அவர் நெஞ்சம் திடுக்கிட்டது.

முன்னாள்களில் இத்தகைய வேளையில் ஆள்கள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து சேற்றில் நடந்து மருந்து தெளிப்பர். அது கடுமையான வேலை. தெளிப்பவர் மேனியிலும் மூச்சிலும் மருந்து படியும். இப்போது அதற்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே, டிரோன் என்று மக்கள் அழைக்கும் ஆளில்லா வானூர்தியை வைத்திருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு முதியவர் சொல்லி அனுப்பினார். மறுநாட்காலையில் ஒரு சிறு வண்டியில் அக்கருவி வந்து சேர்ந்தது. அதனை இயக்க வந்தவர், அண்டை ஊரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர். உதவிக்கு மற்றொரு பெண்ணும் வந்திருந்தார். ஓர் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தது. பறந்தால் கூலி உண்டு; பறக்காவிட்டால் இல்லை.

முதியவர் அக்கருவியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னர், “இதனை ஓட்ட உனக்குத் தெரியுமா, அம்மா?” என்று கேட்டார்.

“தெரியும், ஐயா. பயிற்சி பெற்றுத் தேர்விலும் தேறியிருக்கிறேன்” என்று கூறிய அப்பெண், தம் சான்றிதழை எடுத்துக் காட்டினார்.

முதியவர் அதனை வாங்கி நிதானமாகப் படித்தார். “பறக்கவிடத் தெரியும் என்று இந்தத் தாள் சொல்கிறது, நல்லது. அதோ, தென்மேற்கு மூலையில் தெரிகிறதே, அது என் மகள் வீடு. தொட்டிலில் கைக்குழந்தை கிடக்கிறது. வீட்டுக்கு இப்பால் ஊர்க் குளம். அவற்றைப் பற்றி இந்தத் தாள் என்ன சொல்கிறது?” என்றார்.

அப்பெண் உடனே விடை கூறவில்லை. வயலையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதியவர் கேட்ட கேள்வி அவ்வயலில் மட்டும் எழுந்தது அன்று. வானிலிருந்து மருந்து தூவும் தொழில் வளர்ந்த நாடுகளிலெல்லாம் அதே கேள்வி எழுந்தது. 1921ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரின் அருகே, ஜான் மெக்ரெடி என்னும் படை விமானி, கட்டால்பா மரத்தோப்பு ஒன்றின்மேல் தாழப் பறந்து நச்சுப் பொடியைத் தூவினார். மரங்களின் இலைகளைத் தின்று அழித்த புழுக்கள் மடிந்தன. பயிரைக் காக்கும் பணிக்கு விமானம் பயன்படும் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. அன்று தூவியது ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த நஞ்சு. அதனைத் தூவும் விமானி எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும் என்ற வினா அத்தொழிலோடு உடன்பிறந்தது எனலாம்.

வேளாண் விமானியின் வேலை பிற விமானிகளின் வேலை போன்றது அன்று. மற்றவர்க்கு உயரமே பாதுகாப்பு. இவரோ பயிரின் தலையைத் தொடுவது போலச் சில அடி உயரத்தில் பறக்க வேண்டும். மற்றவர் நீண்ட ஓடுதளத்திலிருந்து எழும்புவர்; இவர் வயலோரத்து மண்பாதையிலிருந்து, தொட்டி நிறைய மருந்துடன் எழும்ப வேண்டும். வயலின் எல்லையில் மரமும் மின்கம்பியும் எதிர்நிற்கும்; அவற்றுக்குமேல் சட்டென்று எழும்பித் திரும்பி, விட்ட இடத்துக்கு அடுத்த பட்டையைப் பிடிக்க வேண்டும். திரும்பும்போது வேகம் குறைந்தால் விமானம் நிலைகுலையும்; அவ்வளவு தாழ்வில் அதனை மீட்க இடம் இராது. முற்காலத்தில் வயலின் இரு முனைகளிலும் ஆள்கள் கொடி பிடித்து நின்று விமானிக்கு வழி காட்டினர். அவர்கள் மேலும் மருந்து விழுந்தது. பின்னர்ச் செயற்கைக்கோளின் துணையால் திசையறியும் கருவி வந்து, அவர்களை அத்துன்பத்திலிருந்து விடுவித்தது.

ஆதலால், இத்தொழிலுக்குத் தேர்ச்சிச் சோதனை தனியே தேவைப்பட்டது. அமெரிக்க விமான விதிகளின் 137ஆம் பகுதி அச்சோதனையை இரண்டு கூறாகப் பிரித்துள்ளது. ஒன்று கைத்திறன். குறுகிய தரையிலும் மென்மையான தரையிலும் விமானத்தை எழுப்புதல், வயலை அணுகுதல், தாழ இறங்கி நிலைபெறுதல், நேர்கோட்டில் பட்டையாகத் தூவுதல், மேலெழுந்து திரும்புதல் ஆகியவற்றை விமானி செய்து காட்டுதல் வேண்டும். மற்றொன்று அறிவு. வேலை தொடங்குமுன் வயலையும் சூழலையும் எவ்வாறு ஆராய்வது, மருந்தை எவ்வாறு கையாள்வது, காலியான கலங்களை எவ்வாறு அகற்றுவது, அம்மருந்து பயிருக்கும் விலங்குக்கும் மனிதர்க்கும் என்ன செய்யும், நஞ்சு ஏறியவரிடம் முதலில் தோன்றும் அறிகுறிகள் யாவை, அப்போது செய்யத்தக்க முதலுதவி யாது என்பவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இவ்விரு கூறுகளில் ஒன்றில் மட்டும் சிறந்தவர் தேர்ந்தவர் ஆகார். ஆஸ்திரேலிய நாட்டிலோ, ஒருமுறை உரிமை பெற்றதோடு அமையாது, குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் தேர்ச்சிச் சோதனைக்கு உட்பட்டால்தான் வேளாண் விமானி தம் தொழிலைத் தொடர இயலும். கைத்திறன் துருப்பிடிக்கும் இயல்புடையது என்பதை அந்நாட்டார் உணர்ந்திருக்கின்றனர்.

இந்தியாவும் இதனை அறியாதிருக்கவில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1971ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளுள் ஒன்று வானிலிருந்து மருந்து தெளித்தலைப் பற்றியது. தெளிக்கும் பகுதியை முன்னரே அடையாளமிடுதல் வேண்டும். ஒரு நாளுக்குக் குறையாமல் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவித்தல் வேண்டும். தொடர்பில்லாத மக்களும் கால்நடைகளும் அங்கே நுழையாதவாறு காத்தல் வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவி பெறவும் வசதி செய்தல் வேண்டும் என்று அது கூறுகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பூச்சிக்கொல்லியால் உடலில் தோன்றும் விளைவுகள் உட்பட, விமானி தனிப்பயிற்சி பெறுதல் வேண்டும் என்றும் அவ்விதி பணிக்கின்றது. விமானத்தை ஓட்டுபவர் மருத்துவ நூலின் ஒரு பக்கத்தையும் படித்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டிலேயே, 1972இல், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பசந்த்’ என்னும் வேளாண் விமானம் முதன்முதலாக வானில் எழுந்தது. வசந்தம் என்பதே அப்பெயரின் பொருள்.

விதி ஏட்டில் இருப்பது வேறு. நடப்பில் இருப்பது வேறு. கேரள மாநிலத்துக் காசர்கோடு மாவட்டத்தில், மலைச்சரிவுகளில் அமைந்த முந்திரித் தோட்டங்களின்மேல், 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000ஆம் ஆண்டு வரையில் எண்டோசல்பான் என்னும் மருந்து ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களை ஒட்டி வீடுகள் இருந்தன, கிணறுகள் இருந்தன, சரிவில் இறங்கும் ஓடைகள் இருந்தன. அவ்வூர்களில் நோயுற்றோரும் ஊனத்துடன் பிறந்த குழந்தைகளும் மிகுந்ததைக் கண்டு மக்கள் முறையிட்டனர். 2011ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதிலும் அம்மருந்துக்குத் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்டோர்க்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசைப் பணித்தது. ஹெலிகாப்டரைத் திறம்பட ஓட்டுவது ஒன்று. கீழே யார் வாழ்கின்றனர் என்று எண்ணுவது மற்றொன்று. பின்னதில் தவறினால், முன்னதில் எவ்வளவு தேர்ச்சி இருந்தும் பயனில்லை என்பதைக் காசர்கோடு காட்டிற்று.

இன்று டெல்டா வயல்களின்மேல் பறப்பது பெரிய விமானம் அன்று. சுமார் 10 லிட்டர் கொள்ளும் தொட்டியுடன் கூடிய டிரோன். அதனை ஓட்டுபவர் வரப்பிலேயே நிற்கின்றார். தம் உயிருக்கு அவர் அஞ்ச வேண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டில் வகுத்து 2022ஆம் ஆண்டில் திருத்திய டிரோன் விதிகளின்படி, தொலைவிலிருந்து இயக்கும் விமானி 18 வயது நிரம்பி 65 வயதுக்கு மேற்படாதவராகவும், பத்தாம் வகுப்பில் தேறியவராகவும், ஏற்பு பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயின்று தேர்வில் வென்றவராகவும் இருத்தல் வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். பணிக்கும்போது புத்தாக்கப் பயிற்சியும் பெறுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு ஏற்ற ‘டிரோன் சகோதரி’த் திட்டம், 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் வழங்கக் கருதியது. அத்திட்டத்தில் விமானிக்குரிய பயிற்சி 15 நாள். அவற்றுள் பறக்கவிடக் கற்பதற்கு 5 நாள்; உரமும் மருந்தும் தெளிக்கக் கற்பதற்கு 10 நாள். பறத்தலைவிடத் தெளித்தலே கடினம் என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகின்றது.

ஏன் கடினம்? கைத்தெளிப்பானால் ஓர் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கும் மருந்தை, டிரோன் 10 லிட்டர் அளவு நீரில் கலந்து தெளிக்கின்றது. ஏக்கருக்குரிய மருந்தின் அளவு ஒன்றே என்றால், ஒவ்வொரு துளியும் முன்னையதைவிட 20 மடங்கு வலிமை பெற்றுவிடுகின்றது. எனவே தவறிய துளியின் தீமையும் அவ்வளவுக்குப் பெருகும். துளி எங்கே விழும் என்பது அதன் பருமனையும் காற்றையும் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துளி, அசையாத காற்றில் 3 மீட்டர் இறங்க ஏறத்தாழ 11 விநாடி ஆகும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலும், தரையைத் தொடுமுன் அத்துளி 20 மீட்டருக்கு மேல் விலகிவிடும். அதனினும் ஐந்தில் ஒரு பங்கே பருமனுள்ள நுண்துளியோ இறங்க நான்கு நிமிடத்துக்கு மேலாகும். கணக்கின்படி அது அரைக் கிலோமீட்டர்வரை மிதந்து செல்லும். இறக்கைகளின் சுழற்சி துளிகளைக் கீழே தள்ளி உதவுமாயினும், காற்றின் போக்கை அது முற்றும் வெல்லாது.

டெல்டாவில் 20 மீட்டர் என்பது சிறு தொலைவு அன்று. அதற்குள் ஒருவர் வயல் முடிந்து மற்றவர் வயல் தொடங்கும். வரப்புக்கு அப்பால் வாய்க்கால் ஓடும். வாய்க்கால் கரையில் மாடு மேயும். குளத்தில் மீன் வளரும். குளத்தருகே குடிசையில் உலை கொதிக்கும். பரந்த நிலங்களையுடைய நாடுகளில் விமானி கவலையின்றிக் கடக்கும் தொலைவில், இங்கே ஓர் ஊரே அடங்கியிருக்கும். ஆதலால் இந்நாட்டு விமானிக்குரிய சோதனை மற்றெல்லா நாட்டுச் சோதனைகளினும் நுட்பமானதாக இருத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

வெண்ணாற்றங்கரை வயலில் அந்தச் சோதனைதான் அன்று நடந்தது. அப்பெண் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு பிடி உலர்ந்த புழுதியை எடுத்து மெல்ல விட்டார். அது வடகிழக்கிலிருந்து வீசிய வாடைக்காற்றில் தென்மேற்கு நோக்கிச் சாய்ந்தது. வீடும் குளமும் அத்திசையிலேயே இருந்தன. பயிர் முழுவதும் பனி நனைந்திருந்தது. அப்போது தெளித்தால் மருந்து இலையில் நில்லாது வழிந்துவிடும். பனி உலரும்வரை காத்திருந்தாலோ காற்று இன்னும் வலுக்கும். கருவியை வண்டியிலிருந்து இறக்க முனைந்த துணைப்பெண்ணைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, அவர் வயலில் இறங்கினார்.

“வயலின் நீரை வடித்தீர்களா, ஐயா?” என்று கேட்டார்.

“இல்லை, அம்மா. மருந்து அடித்தால் போதும் என்று இருந்துவிட்டேன்” என்றார் முதியவர்.

“நீர் தேங்கி நின்றால் புகையானுக்குக் கொண்டாட்டம். முதலில் நீரை வடிக்க வேண்டும். தூரிலும் எவ்வளவு பூச்சி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்” என்று கூறி, அவர் பயிரை இங்கொன்றும் அங்கொன்றுமாக விலக்கி எண்ணத் தொடங்கினார். முதியவரும் உடன் எண்ணினார். ஒரு தூரில் கிளைத்துள்ள தண்டுகள் எத்தனை, அவற்றில் ஒட்டியுள்ள பூச்சிகள் எத்தனை என்று இருவரும் கணக்கிட்டனர். தண்டு ஒன்றுக்கு ஒரு பூச்சிக்குச் சற்று மேல் இருந்தது. முதியவர் கவலையுடன் தலை நிமிர்ந்தார். அப்பெண்ணோ தூரின் நடுவே ஓடிய சிறு சிலந்தி ஒன்றைச் சுட்டிக்காட்டினார்.

“இதைப் பாருங்கள், ஐயா. பார்த்த தூர் ஒவ்வொன்றிலும் ஒரு சிலந்தியாவது இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தண்டுக்கு ஒரு பூச்சி வந்தாலே மருந்து தெளிக்க வேண்டும். சிலந்தி இருக்கும் வயலில் தண்டுக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். இப்போது மருந்து தெளித்தால் உங்கள் காவற்காரனைத்தான் முதலில் கொல்லுவோம். அவன் செத்தபின் புகையான் முன்னைவிடப் பெருகும்” என்றார்.

வேளாண் அறிஞர்கள் பல்லாண்டு ஆய்ந்து கண்ட உண்மை அது. அளவின்றி மருந்து தெளித்த நெல்வயல்களில், சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் அழிய, புகையான் அடங்காமல் பெருகியதை ஆசிய நாடுகள் பல கண்டன. மேலும், ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் பூச்சிகள் அதனைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன. 1986ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது அதன் பின்னரேயாகும்.

“அப்படியானால் இன்று பறக்கப் போவதில்லையா?” என்று முதியவர் கேட்டார்.

“இல்லை, ஐயா. இன்று நீரை வடியுங்கள். மூன்று நாள் கழித்து நான் வந்து மறுபடியும் எண்ணிப் பார்க்கிறேன். கணக்கு மிகுந்திருந்தால், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத வேளையாகப் பார்த்து, உங்கள் மகளுக்கும் அண்டை வயல்காரர்களுக்கும் முதல்நாளே சொல்லிவிட்டுத் தெளிப்போம். குளத்துப் பக்கத்து வரப்பை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டுவிடுவோம். அங்கே கையால் பார்த்துக்கொள்ளலாம்.”

“உன் கூலி போயிற்றே, அம்மா?”

அப்பெண் சிறிது நேரம் பேசாதிருந்தார். அவருடைய குழுவுக்கு மாதந்தோறும் கட்டவேண்டிய கடன்தவணை ஒன்று உண்டு. அதனை அவர் நினைத்திருக்கக்கூடும். பின்னர், “இன்று போன கூலி பிறகு வரும், ஐயா. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் மூச்சில் போனது திரும்பி வருமா?” என்றார்.

முதியவர் தம் கையிலிருந்த சான்றிதழை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். “இதனைப் பத்திரமாக வைத்துக்கொள். நான் கேட்ட கேள்விக்கு இந்தத் தாள் விடை சொல்லவில்லை, நீ சொல்லிவிட்டாய். உனக்கு ஓட்டத் தெரியும்” என்றார். பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வடிமடையைத் திறக்க வரப்பின் வழியே நடந்தார்.

வானூர்தியை எழுப்பத் தெரிந்தவர் பலர். அதனைத் தாழப் பறக்கவிடத் தெரிந்தவர் சிலர். எழுப்பாமல் வண்டியில் வைத்தபடியே திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டிய வேளை எது என்று அறிந்தவரே முழுத் தேர்ச்சி பெற்றவர். முன்னைய இரண்டையும் தேர்வாளர் ஒரு மைதானத்தில் ஒரு நாளில் சோதித்துவிடலாம். பின்னதைச் சோதிக்கும் தேர்வாளர் வேறு: காற்று ஒருவர்; நீர் ஒருவர்; தூரில் ஓடும் சிலந்தி ஒருவர்; வரப்புக்கு அப்பால் வாழும் அயலார் ஒருவர். அவர்கள் நடத்தும் தேர்வு ஒவ்வொரு காலையிலும் புதிதாகத் தொடங்குகின்றது.

அன்று பகலில் அவ்வயலின் நீர் வடிகாலில் தெளிவாக இறங்கிற்று. அதில் நஞ்சு ஏதும் கலந்திருக்கவில்லை. அது குளத்தைக் கடந்து, அடுத்த ஊரை நோக்கிச் சென்றது.